நஞ்சும் தீவனமும்: வடஆர்க்காட்டு ஏரிநாட்டில் மீனும் மூலிகையும் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

வளர்ப்பு மீன்களின் வளர்ச்சிக்கும் நோயெதிர்ப்பு ஆற்றலுக்கும் மூலிகை கலந்த தீவனம் இடுவது தொன்றுதொட்டு வந்த மரபறிவு என்னும் கருத்து அண்மைக்கால ஆய்வுகளில் பரவலாக ஆளப்படுகிறது. வெம்பாக்கம், ஆரணி, செய்யாறு, காஞ்சிபுரம் ஆகியவற்றை உள்ளடக்கிய பாலாற்றுப் படுகையின் ஏரிநாட்டைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை அக்கருத்தைப் பரிசீலிக்கிறது. இப்பகுதியின் நீர்நிலைகளுக்குள் தாவரங்கள் முதலில் நுழைந்தது மீனைக் கொல்லும் நஞ்சாகவே என்பதும், தீவனமிடுதல் இருபதாம் நூற்றாண்டின் வரவு என்பதும், மூலிகைத் தீவனம் 1988க்குப் பிந்தைய நோய்களும் உயிர்எதிரி மருந்துகளின் மீதான தடைகளும் உருவாக்கிய புதிய அறிவு என்பதும் நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மீன்பாசி, பாசிப்பாட்டம், இலுப்பைப் புண்ணாக்கு, மூலிகைத் தீவனம், நோயெதிர்ப்பு ஆற்றல், ஏரி, வடஆர்க்காடு.

முன்னுரை

வளர்ப்பு மீன்களுக்கான மூலிகைத் தீவனம் குறித்து வெளிவரும் ஆய்வுக்கட்டுரைகள் பலவற்றின் முதல் பத்தி ஏறத்தாழ ஒரே தன்மையது. மூலிகைகள் பன்னெடுங்காலமாக மருந்தாகப் பயன்பட்டு வருகின்றன. அவை மலிவானவை, தீங்கற்றவை, எளிதில் கிடைப்பவை. ஆகவே மீனுக்கும் ஏற்றவை என்று அப்பத்தி நகரும். அதன்பின் கட்டுரை செய்முறைக்குச் சென்றுவிடும். முதல் பத்தியின் வரலாற்றுக் கூற்றை எவரும் சோதிப்பதில்லை. அது சோதிக்கத்தக்க கூற்று என்பதும் நினைவுக்கு வருவதில்லை. மனிதனுக்கு மருந்தானது என்பதிலிருந்து மீனுக்கும் மரபாக இடப்பட்டது என்பதற்குத் தாவுவதில் ஒரு பெரிய இடைவெளி உண்டு. அந்த இடைவெளியே இக்கட்டுரையின் பொருள்.

களமாக எடுத்துக்கொள்ளப்பட்டது திருவண்ணாமலை மாவட்டத்தின் வடகிழக்கு மூலை. செய்யாறு வட்டத்திலிருந்து பிரிந்த வெம்பாக்கம் வட்டமும், பட்டு நெசவுக்கும் அரிசி ஆலைகளுக்கும் பெயர்பெற்ற ஆரணியும் இப்பகுதியில் அடங்கும். 1989வரை இவை வடஆர்க்காடு மாவட்டத்தின் பகுதிகளாக இருந்தன. இக்களத்தைத் தெரிந்தெடுக்கத் தனிக் காரணம் ஒன்றுண்டு. வெம்பாக்கத்திற்குக் கிழக்கே காஞ்சிபுரத்தில் பச்சையப்பன் ஆடவர் கல்லூரி விலங்கியல் துறை. மேற்கே ஆர்க்காட்டை ஒட்டிய மேல்விசாரத்தில் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி விலங்கியல் துறை. மூலிகை கொண்டு நீர்வாழ் உயிரிகளின் நோயைத் தடுப்பது பற்றிய இந்திய ஆய்வில் இவ்விரண்டும் குறிப்பிடத்தக்க இடங்கள். இரண்டிற்கும் இடையில் விரிந்துகிடப்பது நூற்றுக்கணக்கான ஏரிகளைக் கொண்ட நிலம். ஆய்வகத்தில் உருவான அறிவுக்கும் ஏரியில் நிலவும் நடைமுறைக்கும் உள்ள தொலைவை அளக்க இதைவிடப் பொருத்தமான நிலப்பரப்பு அமைவது அரிது.

ஏரியும் மீன்பாசியும்

பாலாற்றுப் படுகையின் ஏரிகள் பாசனத்துக்காக வெட்டப்பட்டவை, மீனுக்காக அல்ல. வெம்பாக்கம் வட்டத்தைச் சேர்ந்த தூசி மாமண்டூர் ஏரி இவற்றுள் பெரியது. அதன் கரையை ஒட்டிய குன்றில் மகேந்திரவர்மன் காலக் குடைவரைகள் உள்ளன. 1850களில் வாலாசா அருகே கட்டப்பட்ட பாலாற்று அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாய்களுள் தூசிக் கால்வாய் இவ்வேரிக்கு நீர் கொணர்கிறது. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, சம்பா அறுவடைக்குப்பின் வற்றத் தொடங்கி, கோடையில் சேறாகக் குறுகும் ஆண்டுச் சுழற்சியே இப்பகுதி ஏரிகள் அனைத்தின் இயல்பு.

மீன் இச்சுழற்சியின் உபரி விளைச்சல். மழைநீரோடும் கால்வாய் நீரோடும் ஏறிவரும் கெண்டை, கெளுத்தி, சேற்றில் தங்கிப் பிழைக்கும் விரால், குரவை ஆகியவை ஏரியில் தாமாகப் பெருகும். நீர் வற்றும்போது பிடிக்கப்படும். பிடிக்கும் உரிமையே விற்பனைப் பொருளாயிற்று. சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் காணப்படும் ‘பாசிப்பாட்டம்’ என்னும் சொல் ஏரி, குளங்களின் மீன்பிடி உரிமையிலிருந்து பெற்ற வருவாயைக் குறிப்பது. அவ்வருவாய் அந்நீர்நிலையைத் தூரெடுக்கவும் கரையைப் பேணவும் ஒதுக்கப்பட்ட செய்திகள் உண்டு. இன்றைய அலுவலக ஆவணங்களில் வழங்கும் ‘மீன்பாசிக் குத்தகை’ என்னும் தொடரில் அப்பழஞ்சொல்லின் தடம் எஞ்சியிருப்பது கவனிக்கத்தக்கது. வரிச்சொற்கள் ஆட்சிகளைவிட நீண்ட ஆயுள் உடையவை.

இந்த அமைப்பில் தீவனத்திற்கு இடமில்லை. பாட்டம் செலுத்தியவர் பிடிக்கும் உரிமையைப் பெற்றாரேயன்றி வளர்க்கும் பொறுப்பைப் பெறவில்லை. மீனுக்கு இரையிடும் வழக்கம் தமிழகத்தில் இல்லாமலில்லை. கோயில் குளத்து மீனுக்குப் பொரி தூவுவது இன்றும் காணக்கூடியது. ஆனால் அது அறச்செயல், அம்மீன் பிடிக்கப்படுவதற்குரியதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் வழங்கும் ‘மானசோல்லாசம்’ என்னும் வடமொழி நூல் மீன்களுக்கு இரையிட்டுத் தூண்டிலில் பிடிப்பதை அரச விளையாட்டாக விவரிக்கிறது. விலங்கியலறிஞர் சுந்தர்லால் ஹோரா 1951இல் அப்பகுதியை ஆராய்ந்து வெளியிட்டார். மூலிகைத் தீவனத்தின் தொன்மைக்குச் சான்றாக அந்நூலைச் சுட்டுவோர் அது தூண்டிலிரையைப் பற்றிய நூற்பகுதி என்பதை மறந்துவிடுகின்றனர். இரையிட்டுக் கவர்ந்து பிடிப்பதும் தீவனமிட்டு நோய் காப்பதும் வேறுவேறு.

வேறொரு சான்றும் எண்ணத்தக்கது. கால்நடை மருத்துவத்திற்குத் தமிழில் மாட்டு வாகடம் உண்டு. யானைக்கும் குதிரைக்கும் சாத்திரங்கள் எழுந்தன. அவற்றுக்கு இணையாக மீன் வாகடம் என்று ஒன்று பெயர்பெறவில்லை. மருத்துவ நூல்களில் மீன் வருவது உணவாக, பத்தியத்தில் கொள்ளத்தக்கதா தள்ளத்தக்கதா என்னும் பொருளில்தான். காரணம் ஊகிக்கக் கடினமானதன்று. மாடு ஒருவரின் உடைமை. அதன் நோய் அவருடைய இழப்பு. ஏரி மீன் பிடிபடும்வரை எவருடைய உடைமையும் அன்று. உடைமையல்லாத உயிருக்கு மருத்துவ நூல் எழுவதற்கு முகாந்திரம் இருந்திருக்கவில்லை.

நஞ்சாக நுழைந்த தாவரம்

தாவரங்கள் ஏரிக்குள் திட்டமிட்டு இடப்பட்டதற்கான உறுதியான பழைய சான்று மீனைக் கொல்வது தொடர்பானதாகும். காக்கைக்கொல்லி விதையையும் இலுப்பைப் புண்ணாக்கையும் இடித்து நீரில் கலந்தால் மீன்கள் மயங்கி மேலே மிதக்கும். காக்கைக்கொல்லி விதையின் நச்சு நரம்பு மண்டலத்தைத் தாக்குவது. இலுப்பைப் புண்ணாக்கின் செயல் வேறு வகையானது. அதிலுள்ள சப்போனின் என்னும் நுரைப்பொருள் மீனின் செவுளில் உள்ள மென்படலத்தைச் சிதைத்து, குருதிச் செவ்வணுக்களை உடைத்து, மீனை மூச்சுத்திணறலால் மாளச் செய்கிறது. பாலூட்டிகள் அதை விழுங்கும்போது அதே பாதிப்பு நேர்வதில்லை. ஆதலால் அவ்வாறு பிடித்த மீனை மக்கள் உண்டனர். கோடையில் மடுக்களில் எஞ்சிய நீரில் மீன்பிடிக்க இது எளிய வழியாக இருந்தது. வடஆர்க்காட்டில் இலுப்பைத் தோப்புகளுக்கும் எண்ணெய்ச் செக்குகளுக்கும் குறைவில்லை; புண்ணாக்கு கைக்கெட்டும் தொலைவில் கிடைத்தது.

காலனிய அரசின் கவனத்தை ஈர்த்ததும் இதுவே. சென்னைப் படைப்பிரிவின் மருத்துவரும் மீனியல் அறிஞருமான பிரான்சிஸ் டே, இந்தியா, பர்மா ஆகியவற்றின் நன்னீர் மீன்வளம் பற்றி 1873இல் வெளியிட்ட அறிக்கையில், மாவட்ட அலுவலர்களிடமிருந்து பெற்ற விடைகளைத் தொகுத்தார். குஞ்சுகளையும் விடாத நெருக்கமான வலைக்கண்களும், பாசன மடைகளில் வைக்கப்படும் பொறிகளும், நீரில் நஞ்சிடுவதும் அவரது குற்றச்சாட்டில் திரும்பத் திரும்ப வருகின்றன. சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1870இலேயே தென்கன்னட மாவட்டத்து மீன்வளர்ப்பு பற்றிய அறிக்கையில் இதே திசையில் எழுதியிருந்தார். இருவரும் ஆற்று மீன் அழிகிறது என்று கவலைப்பட்டனர். தாமஸ் ஆர்வமிக்க தூண்டிற்காரர் என்பதையும் சேர்த்தே அக்கவலையை வாசிக்க வேண்டும். சிற்றூரார் சில நாள் குழம்புக்காகச் செய்ததை அவ்வறிக்கைகள் வளத்தின் பேரழிவாகக் கண்டன. அக்கணிப்பில் உண்மை இல்லாமலில்லை என்றாலும், ஏரி எப்படியும் கோடையில் வற்றும் ஒரு நிலப்பரப்பிற்கு அது எவ்வளவு பொருந்தும் என்பது ஐயத்திற்குரியது.

இவ்விவாதங்களின் விளைவு 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம். அதன் நான்காம் பிரிவு வெடிபொருளால் மீன் கொல்வதையும், ஐந்தாம் பிரிவு மீன் பிடிக்கும் அல்லது அழிக்கும் நோக்கத்துடன் நீரில் நஞ்சு, சுண்ணாம்பு, தீங்கு தரும் பொருள் இடுவதையும் குற்றமாக்கின. இரண்டு மாதம் வரை சிறை அல்லது இருநூறு ரூபாய் வரை தண்டம் என்பது தண்டனை. ஏரிக்கு இலுப்பைப் புண்ணாக்குக் கூடையோடு சென்றவர் சட்டத்தின் முன் குற்றவாளியானார்.

சட்டத்தில் சுண்ணாம்பு வெளிப்படையாகப் பெயர் சொல்லித் தடுக்கப்பட்டதை நினைவில் இருத்த வேண்டும். அறுபது, எழுபது ஆண்டுகளுக்குப்பின் கெண்டை வளர்ப்புக்காக எழுதப்பட்ட வழிகாட்டிகளில், குஞ்சு விடுவதற்குமுன் குளத்தில் இடவேண்டிய பொருட்களாக இவை இரண்டுமே இடம்பெறுகின்றன. வேண்டாத மீன்களையும் இரைகொல்லி மீன்களையும் ஒழிக்க, கனமீட்டர் நீருக்கு 250 கிராம் அளவில் இலுப்பைப் புண்ணாக்கு இட வேண்டும். ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேர் குளத்திற்கு இது 2,500 கிலோ ஆகும். இரண்டு, மூன்று வாரங்களில் நஞ்சு நீங்கிப் புண்ணாக்கே எருவாக மாறும். நீரின் அமிலத்தன்மையைச் சரிசெய்யச் சுண்ணாம்பு. ஒரே பொருள், ஒரே செயல், ஒரே நீர். மாறியது செய்பவரின் நோக்கமும் குளத்தின் மீதான உரிமையும்தான். சிற்றூராரின் கையில் நஞ்சாயிருந்தது பண்ணையாளரின் கையில் அறிவியல் நுட்பமாயிற்று. மரபறிவு ஒன்று உண்மையாகவே மீன்வளர்ப்புக்குள் வந்து சேர்ந்தது என்றால் அது இதுதான். ஆனால் மூலிகைத் தீவனக் கட்டுரைகளின் முதல் பத்தியில் இலுப்பைக்கு இடம் கிடைப்பதில்லை.

தவிடும் புண்ணாக்கும்

சென்னை மாகாணத்தில் மீன்வளத்திற்கெனத் தனி அமைப்பு பிரடெரிக் நிக்கல்சன் முயற்சியால் 1907இல் தோன்றியது. அதன் முதன்மை நாட்டம் கடலிலும் கருவாட்டிலும் இருந்தது. உள்நாட்டு ஏரிகள் நீண்டகாலம் குஞ்சு விடுவதோடும் குத்தகை வசூலோடும் நின்றன. கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய பெருங்கெண்டைகள் பாலாற்றுக்கு அயலானவை. அவற்றின் குஞ்சுகள் ஆறுகளிலிருந்து திரட்டப்பட்டுத் தொலைவிலிருந்து வரவேண்டியிருந்தது. 1957 சூலை 10 அன்று ஒடிசாவின் அங்குல் என்னுமிடத்தில் ஹீராலால் சௌத்ரி, கே. எச். அலிக்குன்ஹி ஆகியோர் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசிவழி செலுத்திக் கெண்டைகளை முட்டையிடச் செய்தது அத்தடையை உடைத்தது. குஞ்சு விலைக்குக் கிடைக்கும் பொருளானது. 1959இல் புல்கெண்டையும் வெள்ளிக்கெண்டையும் இந்தியாவிற்கு வந்தன. 1971இல் தொடங்கிய அனைத்திந்திய ஒருங்கிணைந்த ஆய்வுத்திட்டம் ஆறு வகைக் கெண்டைகளை ஒரே குளத்தில் வளர்க்கும் கூட்டுமீன் வளர்ப்பை நாடெங்கும் சோதித்தது.

தீவனம் என்னும் கருத்து இங்குதான் உண்மையில் பிறக்கிறது. குஞ்சை விலைகொடுத்து வாங்கியவர் அது வளர்வதற்குக் காத்திருப்பதோடு நில்லாமல் செலவும் செய்யத் தலைப்பட்டார். பரிந்துரைக்கப்பட்ட தீவனம் தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம அளவில் கலந்த கலவை. வடஆர்க்காட்டைப் பொறுத்தவரை இதைவிட இயல்பான தீவனம் இருக்கமுடியாது. ஆரணி அரிசி ஆலைகளிலிருந்து தவிடு. செய்யாறு, வந்தவாசி, போளூர்ப் பகுதிகளின் மானாவாரி நிலக்கடலையிலிருந்து புண்ணாக்கு. ஆனால் இவ்விரண்டிற்கும் மாடும் போட்டியாளர். 1973 முதல் ஆரணியின் வணிகத்தை நாற்பதாண்டுக் காலம் தொடர்ந்து ஆராய்ந்த பார்பரா ஹாரிஸ்-வைட்டின் எழுத்துகள், நெல் வணிகம் இவ்வூரின் பொருளியலில் எவ்வளவு ஆழமாக ஊன்றியது என்பதைக் காட்டுகின்றன; ஆலையில் தவிடு கழிவன்று, விலையுள்ள சரக்கு. தீவனச் செலவே மீன்வளர்ப்பின் பெருஞ்செலவு என்பது இங்கிருந்து தொடங்குகிறது. தீவனத்தின் ஒவ்வொரு கிலோவும் கூடுதல் மீனாக மாறவேண்டும் என்னும் நெருக்கடியே பின்னாளில் ‘வளர்ச்சி ஊக்கி’ என்னும் சொல்லுக்குச் சந்தையை உண்டாக்கியது.

பட்டு நெசவூர் என்பதால் பட்டுக் கூட்டுப்புழுவையும் இங்குக் குறிப்பிட வேண்டும். புரதம் மிகுந்த அப்புழு கெண்டைத் தீவனமாகப் பிற பகுதிகளில் நன்கு அறியப்பட்டது. ஆனால் புழு மிஞ்சுவது கூட்டிலிருந்து இழை எடுக்கும் இடத்தில். நெசவூருக்கு வந்துசேர்வது நூல். அதனுடன் புழு வருவதில்லை. ஆரணியின் தறிகளுக்கும் அதைச் சுற்றிய ஏரிகளுக்கும் இடையே தீவன உறவு எதுவும் வளராமைக்கு இதுவே காரணம்.

நோயின் வருகை

மூலிகை தீவனத்தில் கலக்கும் தேவை 1988இல் தொடங்கியது எனலாம். அவ்வாண்டு வடகிழக்கு மாநிலங்களின் நீர்நிலைகளில் கண்டறியப்பட்ட கொள்ளைப் புண்நோய் அடுத்த சில ஆண்டுகளில் நாட்டின் பெரும்பகுதிக்குப் பரவியது. உடலெங்கும் சிவந்த புண்களோடு மீன்கள் செத்து மிதந்தன. விரால் இனங்களே மிகுதியாகப் பாதிப்புற்றன. அஃபனோமைசஸ் இன்வேடன்ஸ் என்னும் பூஞ்சைபோன்ற உயிரி அதன் காரணி எனப் பின்னர் உறுதியாயிற்று. புண்கண்ட மீனை உண்பதற்கு மக்கள் அஞ்சியதால் நல்ல மீனும் விலைபோகவில்லை. அப்போது நீரில் இடப்பட்டவை சுண்ணாம்பும் மஞ்சளும். மனிதப் புண்ணுக்கு வீட்டில் செய்த வைத்தியம் மீன் புண்ணுக்கு நீட்டிக்கப்பட்டது. மூலிகை மீனுக்கு மருந்தாகப் பரவலாக இடப்பட்ட தொடக்க நிகழ்வுகளுள் இது ஒன்று. 1897ஆம் ஆண்டுச் சட்டம் பெயர் சொல்லித் தடுத்த சுண்ணாம்பு இங்கு மீனைக் காக்கும் பொருளாயிற்று.

கடற்கரையில் நிலைமை வேறு வடிவில் முற்றியது. 1994–95இல் கிழக்குக் கடற்கரை இறால் பண்ணைகளை வெண்புள்ளி நோய் நச்சுயிரி அழித்தது. 1996 திசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் செகந்நாதன் வழக்கில் கடற்கரை இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நோயைத் தடுக்கப் பண்ணைகள் உயிர்எதிரி மருந்துகளை நாடின. 2001–02இல் ஆசிய இறாலில் குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃப்யூரான் எச்சங்களை ஐரோப்பிய நாடுகள் கண்டறிந்து சரக்குகளைத் தடுத்தன. வளர்ச்சி ஊக்கியாக உயிர்எதிரி மருந்தைத் தீவனத்தில் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 சனவரி 1 முதல் முற்றாகத் தடைசெய்தது. கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் இந்தியாவில் 2005இல் வந்தது. மருந்து கூடாது, நோயும் கூடாது என்னும் இந்த இடுக்கில்தான் மூலிகை ஒரு தீர்வாக முன்னே வந்தது. அதற்கு வழிவிட்டது சித்த மருத்துவ ஏட்டுச் சுவடியைவிட ஏற்றுமதித் துறைமுகத்தின் ஆய்வுச் சான்றிதழே.

தமிழக ஆய்வகங்கள்

இத்துறையில் தமிழகக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் ஆற்றிய பணி உலக அளவில் மேற்கோளாக்கப்படுவது. பெரும் நிதியுடைய தேசிய நிறுவனங்களைக் காட்டிலும் மாவட்டத் தலைநகர்களின் விலங்கியல் துறைகளே இதில் முன்னின்றன. இதற்கு ஓர் எளிய காரணம் உண்டு. மூலிகை வேலியோரம் கிடைத்தது; மீன் தொட்டியில் வளர்ந்தது; ஆய்வு மாணவர் உழைப்பு இருந்தது.

மதுரையில் ஆர். தினகரன் மைக்கேல் வழிகாட்டிய குழு 2000இல் துளசி இலைச்சாறு திலேப்பியா மீனின் நோயெதிர்ப்பைத் தூண்டுவதை வெளியிட்டது. 2007இல் தூதுவளை, கரிசலாங்கண்ணி ஆகியவை பற்றிய ஆய்வுகள் வெளிவந்தன. திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் ஆர். ஹரிகிருட்டிணன், செ. பாலசுந்தரம் ஆகியோர் கெண்டையில் ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா நுண்ணுயிரித் தொற்றுக்கு மூலிகைச் சிகிச்சை அளித்துக் குருதி மாற்றங்களை ஆராய்ந்து 2003இல் வெளியிட்டனர். வேம்பு, துளசி, மஞ்சள் ஆகியவற்றைத் தொடர்ந்து சோதித்தனர். ஹரிகிருட்டிணனின் பிற்காலப் பணி காஞ்சிபுரம் பச்சையப்பன் கல்லூரியைச் சார்ந்தது. மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் இராசாக்கமங்கலம் ஆய்வுமையத்தில் த. சித்தரசு குழு 2006இல் அறுகு, வில்வம், சீந்தில், கரிசலாங்கண்ணி உள்ளிட்ட மூலிகைகளை இறாலுக்கு ஊட்டி வெண்புள்ளி நோய்த் தாக்கத்தை ஆராய்ந்தது.

மேல்விசாரம் ஆய்வு இக்களத்திற்கு மிக அண்மையது. அ. சே. சாகுல் அமீது தலைமையிலான குழு இந்திய மருந்துத் தாவரங்கள் இருபதை வெண்புள்ளி நச்சுயிரிக்கு எதிராகச் சோதித்து 2007இல் முடிவை வெளியிட்டது. அவற்றுள் அறுகம்புல் நீர்ச்சாறு சிறப்பாகச் செயற்பட்டது. அடுத்த ஆண்டு வெளியான ஆய்வில் 1, 2 விழுக்காடு அளவுகளில் அச்சாறு தீவனக் குருணையில் கலந்து இறாலுக்கு ஊட்டப்பட்டது. 2 விழுக்காட்டில் பாதுகாப்பு மிகுந்திருந்தது. இக்கல்லூரி ஆய்வகம் உலக விலங்குநல அமைப்பின் மேற்கோள் ஆய்வகமாகவும் ஏற்கப்பட்டது. வயல் வரப்பில் களையாகப் பிடுங்கி எறியப்படும் அறுகு பற்றிய இவ்வாய்வு நடந்த இடம், பாலாற்றங்கரையின் தோல்தொழில் வட்டாரத்தில் அமைந்த ஒரு கல்லூரி என்பது அறிவியல் வரலாற்றில் தனியே எழுதப்பட வேண்டிய செய்தி.

இவ்வாய்வுகளின் செய்முறை ஏறக்குறைய ஒத்தது. இலையைக் காயவைத்துப் பொடித்து, நீரிலோ சாராயத்திலோ சாறு இறக்கி, அதனைத் தீவனத்தில் 0.01, 0.1, 1 விழுக்காடு என்றவாறு கலந்து சில வாரங்கள் ஊட்டுவர். குருதியில் லைசோசைம் என்னும் நொதியின் செயல்திறனையும், வெள்ளணுக்கள் ஆக்சிசனை வெடித்தெழச் செய்து நுண்ணுயிரியைக் கொல்லும் ஆற்றலையும் அளப்பர். இறுதியில் நோய்க்கிருமியைச் செலுத்தி எத்தனை மீன் பிழைக்கிறது எனப் பார்ப்பர். மீனில் மேம்பட்ட நோயெதிர்ப்பு மெதுவாகவே உருவாவதால் இயல்பு நோயெதிர்ப்பே முதல் அரண். மூலிகை அதனைத் தூண்டுகிறது என்பதே பொதுவான முடிவு. பசியைத் தூண்டுவதாலும் செரிமான நொதிகளைப் பெருக்குவதாலும் வளர்ச்சி கூடலாம் என்பது துணை முடிவு. சோதனைக்குப் பெரிதும் பயன்பட்ட திலேப்பியா 1952இல் இந்தியாவிற்குள் கொண்டுவரப்பட்ட, எளிதில் சாகாத மீன் என்பதையும் முடிவுகளை வாசிக்கும்போது கருத வேண்டும்.

தீங்கற்றது என்னும் கூற்று இங்கு மீண்டும் நிற்கவில்லை. அளவு கூடினால் பயன் கூடுவதில்லை. நீண்டநாள் ஊட்டினால் தூண்டல் மங்குவதும் உண்டு. வேம்பின் சாறு மிகுதியானால் மீனுக்கு நஞ்சாகும். இலுப்பை கற்றுத்தந்த பாடம் வேம்பிலும் அதுவே: அளவே மருந்தையும் நஞ்சையும் பிரிக்கிறது. ‘பக்கவிளைவு அற்றது’ என்னும் சொல்லோடு ஒரு கட்டுரை தொடங்கி, அளவு மிகுந்த தொகுதியின் பின்னடைவை அட்டவணையில் காட்டி முடிவது இத்துறையில் அரிய காட்சியன்று.

தொன்மை என்னும் உரிமை

இவ்வளவு அண்மைக்கால அறிவு ஏன் தொன்மையின் மொழியில் பேசப்படுகிறது? விடையின் ஒரு பகுதி 1990களின் காப்புரிமைப் போராட்டங்களில் உள்ளது. புண் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமை இந்திய அறிவியல் தொழிலக ஆய்வுக் கழகத்தின் எதிர்ப்பால் 1997இல் நீக்கப்பட்டது. வேம்பின் பூஞ்சைக்கொல்லித் தன்மைக்கான ஐரோப்பியக் காப்புரிமை 2000இல் நீக்கப்பட்டு, 2005இல் மேல்முறையீட்டிலும் அம்முடிவு உறுதியானது. 2001இல் மரபறிவு எண்ணிம நூலகத் திட்டம் தொடங்கியது. 2002இல் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் வந்தது. இச்சூழலில் மூலிகை பற்றிய எந்த அறிவும் பழையது என்று சொல்லப்படுவது நாட்டின் உடைமையைக் காக்கும் செயலாகத் தோன்றியது. மஞ்சள் மனிதப் புண்ணுக்குப் பழைய மருந்து என்பது ஆவணத்தால் நிறுவப்பட்ட உண்மை. வழக்கு வென்றதற்கு அந்த ஆவணமே காரணம். மீனுக்கு அறுகு ஊட்டுவது பழைய மரபு என்பதற்கு அப்படி ஆவணம் இல்லை. ஆவணமற்ற தொன்மை வழக்குமன்றத்தில் நிற்காது. மேலும், அது அறுகை இருபது தாவரங்களிலிருந்து பிரித்தறிந்த ஆய்வாளரின் உழைப்பையும் பெயரற்றதாக்கிவிடுகிறது.

இன்னொரு விளைவு விவசாயியைச் சார்ந்தது. மரபு என்று பெயரிட்டால் சோதனை தேவையில்லை என்னும் மனநிலை தீவனச் சந்தையில் எளிதில் குடிபுகும். எந்த இலை, எந்தப் பருவத்தில் பறித்தது, எவ்வளவு சாறு என்னும் விவரம் இல்லாமல் ‘மூலிகை’ என்னும் ஒற்றைச் சொல் பொட்டலத்தில் அச்சாகிறது. ஆய்வகத்தில் நாளும் அளந்து கலந்த சாறு ஒன்று. பொட்டலத்தில் வரும் பொடி வேறு.

மீண்டும் ஏரி

வெம்பாக்கத்தைச் சுற்றிய ஏரிகளில் இவ்வறிவு வந்து சேர்வதற்குள்ள தடைகள் வேதியியல் சார்ந்தவையல்ல. நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுடைய ஏரிகள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலும் பெரியவை பொதுப்பணித்துறையின் வழிவந்த நீர்வளத்துறையின் பொறுப்பிலும் உள்ளன. மீன்பாசி ஏலத்தில் போகிறது. ஏலம் எடுத்தவருக்கு நீர் மீது உரிமையில்லை. மடை திறப்பது ஆயக்கட்டுக்காரரின் தேவைப்படி. குஞ்சு விட்டு ஆறு, ஏழு மாதத்தில் பிடித்தாக வேண்டும். கலிங்கு வழிந்தால் மீன் அடுத்த ஏரிக்காரருக்கு.

கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு குளத்தில் 1,000 கிலோ மீன் இருப்பதாகக் கொண்டு, உடல் எடையில் 2 விழுக்காடு தீவனமிட்டால் நாளொன்றுக்கு 20 கிலோ. அதில் 1 விழுக்காடு சாறு என்றால் 200 கிராம். காய்ந்த இலையின் எடையில் பத்தில் ஒரு பங்கு சாறாகக் கிடைப்பதாக வைத்துக்கொண்டாலும் நாள்தோறும் 2 கிலோ காய்ந்த இலை வேண்டும்; மூன்று வாரத்திற்கு 42 கிலோ. பறிப்பது, நிழலில் உலர்த்துவது, காய்ச்சி வடிப்பது ஆகியவற்றுக்கான கூலியைச் சேர்த்தால் ‘மலிவானது’ என்னும் அடைமொழி தளர்ந்துவிடும். அரைக்காணி அளவுள்ள பண்ணைக்குட்டையில், தீவனப் பையைக் கட்டித் தொங்கவிட்டு ஊட்டும் ஒருவருக்கு இது இயலக்கூடியது. கரையிலிருந்து கரை தெரியாத ஏரியில் தூவிய தீவனத்தை விடப்பட்ட மீன் உண்டதா, தானாக வந்த கெளுத்தி உண்டதா என்று எவரும் அறியார்.

கொள்ளைப் புண்நோய் குளிர்காலத்து நோய். கார்த்திகை முதல் தை வரை நீர் குளிர்ந்திருக்கும் மாதங்களில் அது தலைகாட்டும். பாலாற்றுப் படுகையில் அம்மாதங்களில்தான் ஏரி நிறைந்து கலிங்கு தொட்டு நிற்கிறது. மீன் எங்கும் பரவியிருக்கிறது. ஊட்டும் மருந்து மிகுதியும் வீணாகும் காலமும் அதுவே. நீர் குறுகி, மீன் ஒரு மடுவில் திரண்டு, அளந்து ஊட்டுவது கைகூடும் பங்குனி, சித்திரையில் நோய் தணிந்திருக்கும்; குத்தகைக்காரர் வலையோடு கரையில் நிற்பார்.